ஷேடு நம்பர்

வீரபாண்டிச் சாயப்பட்டறைக்கு
நிறம் ஒத்துப் பார்க்க வந்த ரொஹானி
கிளந்தான்காரி.
மூணாம் நாள் மெஸ் சோற்றைத் தள்ளிவிட்டு
இட்டேரி வேலியில் சங்குப்பூப் பறித்தாள்,
முக்காட்டு முனை நிறைய.

கொதிநீரில் பூ வெளுத்தது.
அரிசி நீலமானது.

"ஏனுங், இதென்ன ஷேடு நம்பருங்?"
குப்பண்ணன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.
நீலம் எங்களுக்கு நொய்யலில் போவது,
ஒரத்துப்பாளையத்தில் தேங்கிக் கிடப்பது.
வாயில் வைப்பதல்ல.

அவள்பாட்டுக்குத் தேங்காய்ப்பூ வறுத்தாள்.
புடு என்று ஒரு மீன்சாற்றுப் புட்டியைத் திறந்தாள்;
பட்டறையே மூக்கைப் பொத்தியது.

அவங்க நாட்டில் முன்னொரு ராணி
மான் வளர்த்ததாகக் கதையாம்,
பொற்காசிலும் மானையே அடித்தாளாம்.
சந்தையில் இன்னிக்கும்
கல்லாப்பெட்டி பொம்பளைகளிடந்தானாம்.
அதைக் கேட்ட பிறகுதான்
கணக்கெழுதும் மயிலாத்தா
முதல் கவளம் எடுத்தாள்.

எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாயிற்று.
"ஆசிட் பட்டா மாறுமுங்" என்றேன்,
இருபது வருசமாய்க் கறையேறிய விரலால் பிசைந்தபடி.

தின்று கை கழுவினேன்.
தண்ணீர் தெளிவாகவே போனது சாக்கடைக்கு.
சாயம் நிற்கவில்லை.

மயிலாத்தா
இரண்டாந் தட்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.