பதினான்காம் நாள், டிக்கோயா

கண்ணாடித் தகட்டில் யாரோ ஒருத்தியின் இரத்தம்.
ஊதாச் சாயம் ஏறிய வெள்ளணுக்களை
நூறு வரை எண்ண வேண்டும்.
அறுபத்தொன்றில் வலது அடிவயிறு
சுருக்கென்றது.

ஓ, இன்றைக்கா.

பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே காசல்ரீ நீர்த்தேக்கத்தைப்
பனி பாதி தின்றுவிட்டிருந்தது.

பள்ளியில் சொன்னார்கள்,
முட்டை பழுத்தால் தானாக வெடிக்குமென்று,
பலாப்பழம் மாதிரி.
அப்படியில்லையாம்.
ஆள் வருகிறது.
கிருமி இல்லை, காயம் இல்லை,
ஆனாலும் புடைப்பைச் சுற்றிக் குவிகிறார்கள்
நான் எண்ணுகிற இதே ஆட்கள்,
மூன்று மடிப்புக் கருவோடு
நாளச் சுவரின் இடுக்கில் ஒருக்களித்து நுழைந்து.
சூடு. வீக்கம். சுவர் மெலிகிறது.

எழுபது. எழுபத்தொன்று.

நான் பிறப்பதற்கு முன்
பத்தாம் நம்பர் லயத்துக்கும் ஒரு ராத்திரி ஆள் வந்தது.
எங்கள் காம்பராவுக்கு அதன்பின் எட்டு வருஷம்
சாக்குத்தான் கதவு.
உடைத்தவன் எவனும்
ஆணியோடு திரும்பி வரவில்லை.

இவர்கள் போகாமல் நிற்பார்களாம்.
பெருவிழுங்கிகள் இடிபாட்டைத் தின்று தீர்த்து,
கிழிந்த இடத்துக்குப் புது நாளம் இழுத்து,
அங்கேயே மஞ்சளாய் ஒன்று எழும்பக்
கை கொடுப்பார்களாம்,
வரப்போகிற உயிருக்குப்
பதினான்கு நாள் படியளக்க.

யாரும் வரப்போவதில்லை.
லோகேந்திரன் கட்டாரில்.
லீவுக்கு இன்னும் ஏழு மாதம்.
அதை இவர்களுக்கு யார் சொல்வது?

நூறு.
நியூட்ரோபில் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.
சாதாரணம்.

வலி போய்விட்டிருந்தது,
எப்போதென்று கவனிக்கவில்லை.
அடுத்த தகட்டில்
பெயர் அழிந்திருக்கிறது.