ஈரம் கழித்து

குளம் வான் பாயத் தொடங்கி ஒன்பது நாள்.
எங்கட மைதானத்துப் பெனால்டிப் பெட்டிக்குள்
இப்ப கொக்குகள் நிக்குது,
ஓவ்சைட் பயம் இல்லாமல்.

நெல்லும் இல்லை. தை கழிஞ்சால்தான் வெட்டு.
ஆலைக்குள்ளே தராசும் நானும்
ஆளையாள் பார்த்தபடி.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
முத்தொளிக் கழகத்தின்ரை அடுத்த வருச அணியை
எழுதுறன், வெட்டுறன், எழுதுறன்.

ஆர் கேட்டதெண்டு கேட்காதேங்கோ.
கழகம் என்னட்டைக் கேட்டதெல்லாம்
வலைக்கு நாலாயிரம், சோடாவுக்கு ஆயிரம்.
ஆனால் பதினாலு வருசம்
ஒரு ஆட்டமும் விடாமல் கம்பியோடை நிண்டவள் நான்.
நெடுங்கேணியில் தோத்த அரையிறுதிக்கு
லான்ட்மாஸ்டர் பெட்டியிலை போய்,
வரேக்கை ஒருத்தரோடையும் கதைக்காமல் வந்தவள்.

கோலுக்கு யசிந்தன். அதிலை பேச்சில்லை.
கையும் நீளம், வாயும் நீளம்.
நடுவரோடை கொழுவி வாங்கின மஞ்சள் அட்டையளைச் சேர்த்தால்
ஒரு கலியாணத்துக்கு அழைப்பிதழ் அடிக்கலாம்.
இருக்கட்டும்.

பின்னுக்கு றொபின்சன். முப்பத்தாறு வயசு.
ஓட்டம் போட்டுது. ஆனால்
பந்து எங்கை விழும் எண்டு
பந்துக்கு முதல் அவனுக்குத் தெரியும்.
அவனை இருத்தினால் ஆர் போய்ச் சொல்லுறது?
செயலாளரின்ரை மச்சான் வேறை.
பழைய நெல்லு விதைக்கு ஆகாது, சோறு நல்லா வரும்.
பாதி ஆட்டத்துக்கு எழுதினன்.

நடுவிலைதான் கிடங்கு.
மாங்குளத்தார் எங்கட கீர்த்திகனைக் கேட்கினமாம்.
பதிலுக்கு ரெண்டு பெடியளும்
புல்லு வெட்டுற மெசின் ஒண்டும் தருவினமாம்.
அந்த ரெண்டு பேரையும் நான் பார்த்தனான்.
ஒருத்தன் பந்து வந்தால் வணக்கம் சொல்லி விலகுவான்.
மற்றவனுக்கு இடக்கால்
நிக்கிறதுக்கு மட்டும்தான்.
இந்தப் பேரத்தைத் தூத்திப் பார்த்தால்
மெசின்தான் மிஞ்சும்.
நல்ல மெசின். ஒரு இரவு முழுக்க
வெட்கமில்லாமல் அதை யோசிச்சன்.

இடப்பக்கம் துசிகரன்.
அவன் கோட்டோடை வரேக்கை
கச்சான்காரி காசு வாங்க மறப்பா.
அவன்ரை பேரைத்தான் முதல் எழுதினனான்,
மிச்சப் பேர் எல்லாம் அதைச் சுத்தி.

இண்டைக்கு மூண்டு மணிபோலை
மழைக்குள்ளாலை அவனே வந்து நிண்டான்.
"அக்கா, உங்கட தராசு சரியான தராசோ?
வியாழக்கிழமை கட்டாருக்கு மெடிக்கல்.
ஐம்பத்தைஞ்சுக்குக் குறைஞ்சால் எடுக்கமாட்டினமாம்,
ஏஜென்சிக்காரன் சொன்னவன்.
குறைவெண்டால் நான் போகேல்லை, காசு மிச்சம்."

செருப்பைக் கழட்டிப் போட்டு
மூட்டை வைக்கிற தட்டிலை ஏறினான்.
மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டான்,
ஃபிரீகிக்குக்கு முன்னாலை நிக்கிறமாதிரி.

ஐம்பத்தைந்தரை.

சேட்டு நனைஞ்சு முதுகோடை ஒட்டியிருக்கு.
காற்சட்டை நுனியிலை தண்ணி சொட்டுது.
நெல்லெண்டால்
பதினாலு வீதத்துக்கு மேலை ஈரம் கழிக்காமல்
ஒரு கமக்காரனையும் நான் விட்டதில்லை.
இதிலையும் கழிச்சால் ஐம்பத்தைஞ்சு தேறாது.
தேறாது எண்டு ஒரு சொல்லு சொன்னால்
வாற வருசம் இடப்பக்கம் பத்திரம்.
பொய்யும் இல்லை. என்ரை தொழில் அதுதானே.

அவன் இறங்காமல் என்ரை வாயைப் பார்த்தான்.

"ஐம்பத்தைந்தரை," எண்டன்.
"வாழைப்பழம் தின்னு. சேட்டைக் காயப்போடு.
வியாழன் வரைக்கும் ஓடாதை."

ஓடாதை எண்டு அவனுக்கு
நான்தான் சொன்னனான்.

போட்டான்.
தட்டிலை ரெண்டு பாத அளவுக்குத் தண்ணி.
முள்ளு பூச்சியத்துக்கு வராமல்
கொஞ்சம் தள்ளி நிண்டது.
சாக்கால் துடைச்சன்.

பிறகு புத்தகத்தைத் திருப்பி
இடக்கால் நிக்கிறதுக்கு மட்டும் எண்டு எழுதினதை வெட்டினன்.
பழக்கினால் வரும் எண்டு எழுதினன்.
அதையும் வெட்டினன்.

அந்த மெசின்
பெற்றோலோ டீசலோ எண்டு
செயலாளரைக் கேட்கவேணும்.