ஒரு பிட்

மிளாதா போலெஸ்லாவில் இரவு ஷிஃப்ட்.
ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய புதுக் கார்கள்,
இன்னும் யாருக்கும் சொந்தமாகாதவை.

யித்கா பெட்டியைப் பிரிக்கிறாள்.
உள்ளங்கை அகலப் பலகை.
பன்னிரண்டு வோல்ட்;
சிவப்பு எது, கறுப்பு எது என்று இருமுறை பார்க்கிறாள்.
போன தடவை புகைந்தது.
ஓன்ட்ரெய் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

பச்சை விளக்கு.
முதல் செய்தி அனுப்புகிறாள்:
எட்டு பைட், எல்லாம் பூஜ்யம்.

பிழை.
பலகை அதையே திரும்ப அனுப்புகிறது.
திரும்ப.
திரும்ப.
கதவு திறக்கும்வரை தட்டுகிறவனைப் போல
களைப்பே இல்லாமல்.

வேகம் சரி. வயர் சரி.
இரு முனையிலும் நூற்றிருபது ஓம் தடை,
மீட்டரில் அறுபது. அதுவும் சரி.

கையேட்டில், நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில்,
பொடி எழுத்தில்:
கேட்டேன் என்று சொல்ல
இன்னொன்று இல்லாதவரை
சொன்னது கணக்கில் வராது.

அலமாரியைத் துழாவுகிறாள்.
மூலை கருகிய அந்தப் பழைய பலகை.
உயிர் இருக்கிறதா?
இருக்கிறது.
கம்பியில் கோத்ததும்
அது எதுவும் பேசவில்லை,
ஒரே ஒரு பிட்டைத் தாழ்த்தியது, அவ்வளவுதான்.

பிழைக் கணக்கு இறங்குகிறது:
நூற்றிருபத்தேழு, நூற்றிருபத்தாறு…

போனில் ஓன்ட்ரெயின் கேள்வி
ஒரு மணி நேரமாய்க் கிடக்கிறது: புகைந்ததா?

இடது கட்டைவிரலால் தட்டுகிறாள்:
இல்லை.