ஆசனப் படிவம்

கோலாலம்பூரிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
சபை வரலாறு, பத்து வரிக்குள்.
சுங்கை கெருயிங் பரிசுத்த தோமா ஆலயம்,
செயலாளர் சுகிர்தம் வேதக்கண்.
அதுவரை நிரப்பிவிட்டேன்.

பத்து வரி போதாது. பேனாவும் மக்கர்.

முதல் பதிவேட்டை எடுத்தேன்.
கரையான் விட்டுவைத்த பக்கங்களில்
'சிங்கப்பூர் அத்தியட்சாதீனம்' என்று
யாரோ ஒரு கிராணியின் சாய்ந்த கையெழுத்து.
அதற்கு முன்னே லாபுவான்,
அதற்கும் முன்னே கல்கத்தா என்பார் குருவானவர்.
அப்போது நாங்கள் இங்கே இல்லை ஐயா.
பால்மரமும் இல்லை.

நடுவில் மூன்றரை வருஷம்
முத்திரையில்லாத ஞானஸ்நானங்கள்.
சயாம் ரயில் போட்டவர்களின் பிள்ளைகள்;
தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு.
பிறகு மறுபடி முத்திரை: சிங்கப்பூர் மலாயா.
அதன் பிறகு: மேற்கு மலேசியா.
தலைப்பு மாறிக்கொண்டே வந்தது.
கீழே முகவரி மட்டும் மாறவில்லை,
மூன்றாம் நம்பர் லயம், ஐந்தாம் நம்பர் லயம்.

கதீட்ரல் என்ற சொல்லின் வேரில்
இருப்பது ஒரு நாற்காலிதானாம்.
பேராயர் நாற்காலி எங்கேயோ அங்கே பேராலயம்.
அப்படியானால் எங்கள் நாற்காலியையும் எழுத வேண்டும்.

1927, உயிர்த்தெழுந்த ஞாயிறு. அத்தியட்சர் வந்தார்.
உட்காரவைக்கத் துரை பங்களாவிலிருந்து
கால் நீட்டிப் படுக்கும் பிரம்பு நாற்காலியைத்
தூக்கிவந்தார்கள்.
அங்கியோடு உள்ளே அமிழ்ந்தவரை
இரண்டு தண்டல்கள் கைகொடுத்து மீட்டார்கள்.
'கர்த்தர் எழுந்தார், அத்தியட்சர் எழவில்லை' என்று
விடியாத இருட்டில் பால் வெட்டிக்கொண்டே
நாற்பது வருஷம் சிரித்தது தோட்டம்.

அதனால்தான் ஞானாதிக்கம் வேறு செய்தார்.
புகைவீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவர்.
கழித்துப்போட்ட செங்கால் மரச் சட்டங்களைக்
கேட்டு வாங்கி ஆறு வாரம் இழைத்தார்.
முதுகில் சிலுவை செதுக்கச் சொன்னார்கள்.
சாய்ந்தால் குத்தும், வேண்டாம் என்றுவிட்டார்.
எவ்வளவு இழைத்தும் புகைவாசம் போகவில்லை.

அது 1970.
அந்த வருஷம் அத்தியட்சாதீனத்தை
நீரிணையோரமாக இரண்டாக்கினார்கள்.
அங்கே சிங்கப்பூர். இங்கே நாங்கள்.
காகிதத்தில் வெட்டியது, யாருக்கும் வலிக்கவில்லை.
எங்களையும் அப்போதுதான் பிரித்தார்கள்:
நீல அட்டை, சிவப்பு அட்டை.
பெர்மிட் கிடைக்காத சிவப்பு
பினாங்கில் கப்பல் ஏறியது.
ஞானாதிக்கம் இரண்டாவது கப்பலில்.

திடப்படுத்தலுக்கு எழுதியிருந்த பெயர்கள் பத்தொன்பது.
பிஷப் வந்த அன்று முழந்தாளிட்டது ஏழு.
நான் ஐந்தாவது.
நான் உடுத்தியிருந்தது ரூபவதியின் வெள்ளைச் சட்டை.
கப்பலில் அழுக்காகிவிடும் என்று
கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.
தோள் கொஞ்சம் பிடித்தது.

'நல்ல நாற்காலி, யார் செய்தது?' என்றார் பிஷப்.
சபை மூப்பர் குனிந்துகொண்டார்.
மேனேஜர் சொன்னார்: தோட்டம் செய்தது.

இப்போது பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை.
முன்வரிசையில் மியன்மார்க் குடும்பங்கள்.
நாற்காலியின் குறுக்கே ஒரு நைலான் கயிறு,
யாரும் உட்காராதபடி நானே கட்டியது.
போன மழை ஞாயிற்றில், மற்ற பெஞ்செல்லாம் ஒழுக,
சுய் தியால் கயிற்றை அவிழ்த்துவிட்டு அமர்ந்து
கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.
கமிட்டியில் ஒருவர் எழுந்தார்.
நான் அவரைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார்.
அவளிடமும் ஏதோ ஒரு அட்டை இருக்கிறது.
என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

கடைசிக் கேள்வி:
பேராயர் ஆசனம் உண்டா, இல்லையா?
உண்டு. ஒன்று.
முன் வலதுகால் சற்றுக் குட்டை,
கீழே ஞானப்பாட்டுப் புத்தக அட்டை மடித்திருக்கிறது.
வருவதானால் முன்கூட்டிச் சொல்லியனுப்பவும்.
குழந்தை தூங்காத நேரமாயிருந்தால்
காலிசெய்து தருகிறோம்.