தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

காவேரிப்பட்டணம் ரோட்டில் ஐந்தரைக்கு வேன்.
நாலு மணிக்கே உடம்பு சொல்லிவிட்டது
இன்றைக்கு வேண்டாமென்று.
உடம்புக்கு என்ன தெரியும்,
அது கான்ட்ராக்டரிடம் பேசியதில்லை.

மாம்பழக்கூழ் கம்பெனியில் வருஷம் என்பது
மே கடைசியில் பிறந்து
ஆகஸ்டில் செத்துப்போகும்.
நடுவில் ஒருநாள் வராதவளின் முகம்
வேன் டிரைவருக்கு மறந்துவிடும்.
போன சீசனில் கெம்பம்மாவுக்கு மூன்று நாள் டைஃபாய்டு.
நாலாம் நாள்
அவள் சோற்று டப்பா வைக்கிற இடத்தில்
வேறொருத்தியின் டப்பா.
அதுவும் பச்சை மூடி.

கேட்டில் திம்மராயன்.
கையில் துப்பாக்கி மாதிரி அந்தக் கருவி.
நூறைத் தாண்டினால் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு;
ஏற்றுமதிச் சரக்கு,
வெளிநாட்டுக்காரர்கள் நோட்டைப் பார்ப்பார்களாம்.
வேனிலேயே ஈரத்துணியை நெற்றியில் ஒற்றிக்கொண்டு வந்தேன்.
முன்சீட்டுக்காரி மடியிலும் ஒரு ஈரத்துணி.
நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

திம்மராயன் கருவியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினான்.
எனக்கு முன்னால் போன பன்னிரண்டு பேருக்கும் அதேதான்.
அந்த நோட்டைப் படிக்கிறவர்
கிருஷ்ணகிரிப் பக்கம் காய்ச்சலே கிடையாது என்று
ஊருக்குப் போய்ச் சொல்வார்.
முகக்கவசத்துக்குள் அவன் இருமியதை
நானும் எங்கேயும் எழுதவில்லை.

பெல்ட் ஓடுகிறது.
கழுவின ஈரத்தோடு பெங்களூரா பழங்கள், மூக்கு நீட்டிக்கொண்டு.
கறுத்தது, அழுகினது, வண்டு துளைத்தது
எடுத்துப் போட வேண்டும்.
கண் செருகினாலும் கைக்குத் தெரியும்
எந்த இடம் அமுங்கும் என்று.

சுவருக்கு அந்தப்பக்கம் கூழ் காய்கிறது.
சூடு இறங்கிவிடாமல் பார்க்க
ஒரு ஆள் நிற்கிறான். இறங்கினால் அவனுக்கு மெமோ.
எனக்கு ஏறக் கூடாது.
நினைத்ததும் சிரிப்பு வந்தது,
சிரிக்கப் போனால் பல் கிட்டியது.

பத்தரை டீக்கு
நாகவேணி பாதி மாத்திரையைக் கையில் வைத்து அழுத்தினாள்.
"பன்னைத் தின்னுட்டுப் போடு, வெறும் வயித்துல எரியும்."
மீதிப் பாதி யாருக்கு என்று கேட்கவில்லை.
டீ கிளாஸைப் பிடித்திருந்த அவள் விரல்கள்
தந்தியடித்துக்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு வேர்த்தது.
வெளியே லாரிகளை எண்ணினேன், நாலே நாலு.
போன வாரம் இந்நேரம்
சந்தூர் ரோடு வரைக்கும் நின்றன.
வரத்து குறைந்தால் முதலில் நிற்பது லாரி இல்லை.
சூப்பர்வைசர் பெயர்ப் பட்டியலை
மடித்து ஜோபியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

ராத்திரி சின்னவன் மேலே கால்போட்டுப் படுத்து
"அம்மா, சுடுதும்மா" என்றான்.
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்றேன்.
"அப்படின்னா?"
அப்படின்னா தூங்கு.

சோப்பு போட்டும் போகாத மாம்பழ வாசம் விரலில்.
அலாரத்தை நாலுக்கே வைத்தேன்.
நெற்றித் துணியை
காயப்போடவில்லை,
வாளித் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.