வழக்குச் சொத்து

ஒடுகத்தூர் ரேஞ்சு ஆபீஸ் பின்கட்டில்
பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தார் வனவர்.
துருவாடை முதலில் வந்தது,
அப்புறம் ஒரு வௌவால்.
உள்ளே கொடுவாள்கள், கோடாலிகள்,
ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு சைக்கிள்.
எல்லாவற்றின் கழுத்திலும் அட்டைச்சீட்டு.

"உண்ணிச்செடி வெட்டணும். புதுக்கத்திக்குப் பணம் வரல.
எது தோதோ எடுத்துக்குங்க."

பதினாலு பேர் போயிருந்தோம்.
கெங்கம்மா பிடியில்லாத ஒன்றைத் தூக்கிப் பார்த்து
"இது இன்னாத்துக்கு ஆவும்" என்றாள்.
நான் என்னுடையதைத் தேடவில்லை,
அதுவாகக் கண்ணில் பட்டது.
கருவேலம் பிடி, அதன் நுனியில்
பல் முளைத்த வயதில் என் மகள் கடித்த தடம்.

சீட்டில் என் பெயர் பிழையாக இருந்தது.
விறகு ஒரு கட்டு, அபராதம் ஆயிரத்து இருநூறு.
மூக்குத்தியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அன்றோடு எல்லைக்கல்லைத் தாண்டுவதை விட்டேன்.
ஊரே விட்டது.
மாடுகள் வேலூர்ச் சந்தைக்குப் போயின.
களாப்பழம் பழுத்ததை
காற்றடித்தால்தான் அறிந்தோம்.
ஆள் போகாத காடு நன்றாக இருக்கும் என்றார்கள்.
உண்ணி ஏறி மான்தடம் அடைத்தது.
மழை பெய்த அன்றே
மலையை விட்டு ஓடியது,
கூடவே எங்கள் கிணற்றின் தண்ணீரும்.

"பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடும்மா."
போட்டேன், என் பெயரைத் திருத்தி.

மூன்று மாதமாக வெட்டுகிறோம்.
வேரோடு பிடுங்கணும், இல்லாவிட்டால் ஆடிக்குள் திரும்பிவிடும்.
அடியில் வெளிறிப்போய் ஒரு களாக்கன்று.
யாரும் பேசாமல் அதைச் சுற்றி வெட்டினோம்.
ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கினோம்.
வனவரின் போனில் ஓடைக்கு எண்தான் இருந்தது.
நாங்கள் சொன்னோம்:
பன்னி உருண்ட பள்ளம்,
தேன்பாறை,
சடையன் விழுந்த மேடு.
"சடையன் யாரு?" என்றார்.
தெரியாது. விழுந்தான், அவ்வளவுதான்.
அதையும் எழுதிக்கொண்டார்.

போன வாரம் ராத்திரி மழை.
விடிந்து போய்ப் பார்த்தோம்:
கல்லுக்கு மேல்பக்கம் முழங்கால் அளவு
செங்காவித் தண்ணீர்,
போக்கிடம் தெரியாத விருந்தாளி மாதிரி நின்றது.
கெங்கம்மா செருப்பைக் கழற்றினாள்.

நல்லதுதான். ஆனால்
தண்ணீருக்கு வந்த மான்கள்
என் கேழ்வரகில் பாதியைத் தின்றுவிட்டன.
நஷ்டத்துக்கு மனு எழுதினேன்.
"மான் பேரு என்னன்னு போடறது?" என்று கேட்டேன்.
வனவர் சிரித்தார். மனு இன்னும் மேஜைமேல்தான் கீது.

காலையில் உள்ளே போகுமுன்
வெள்ளையடித்த அந்த எல்லைக்கல்லில்
கத்தியைத் தீட்டுகிறேன்.
சுண்ணாம்பு உதிர்கிறது.
கல் நல்ல கல்.