நான்காயிரத்துக்கு மேல்

ஐந்தே முக்காலுக்கு ஜக்கூர் ஏரிக்கரையில் கூடினோம்.
நிலோஃபர், கழுத்தில் பைனாகுலர், கையில் கடித்த பன்.
மெட்ரோ பள்ளங்களைத் திட்டிக்கொண்டே
தாமதமாக வந்தார் பசவராஜ்.
அக்டோபர், இரண்டாம் ஞாயிறு.
இரவு மழை நின்றுவிட்டது.
மரங்களுக்கு அந்தச் சேதி இன்னும் போகவில்லை,
சொட்டிக்கொண்டே இருந்தன.

முதலில் கொடிக்கால் வாலாட்டி,
மூங்கிலடியில், ஈரச் சருகின்மேல்.
மற்ற வாலாட்டிகள் மேலும் கீழும் ஆட்டும்.
இது பக்கவாட்டில்.
இல்லை, இல்லை என்று
யாரும் கேட்காத கேள்விக்குச் சொல்வதுபோல.

பிறகு கம்பியில் பழுப்புக் கீச்சான்.
போன வருடமும் இதே கம்பி என்றார் பசவராஜ்.
இதே பறவையா என்று கேட்டேன்.
கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டியவனை
எந்தக் கோர்ட்டில் அடையாளம் காட்டுவது என்றார்.

அத்தி மரத்தடியில்
நிலோஃபர் சட்டென்று கையை உயர்த்தினாள்.
"கேளிஸ்தா?"
அவசரத்தில் கன்னடம்தான் வரும் அவளுக்கு.

பச்சைக் கதிர்க்குருவி.
எட்டு கிராம் இருக்கும்.
இமயத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அலுப்பைக் காட்டாது,
இறங்கிய அன்றே கிளைக்கு வேலித் தகராறு தொடங்கிவிடும்.
இலையோடு இலை. கண்ணுக்கு அகப்படாது.
காதால்தான் எண்ணுவோம்:
ச்சிவீ. ச்சிவீ.

"கேளிஸ்து" என்றேன்.
பொய்யை அவள் மொழியில் சொல்வது சுலபமாயிருந்தது.

கொண்டைக்குருவிகள் கேட்டன.
ஏரிக்கு அப்பால் லாரி பின்னால் வருவது கேட்டது.
பிளாஸ்கிலிருந்து பசவராஜ் தேநீர் ஊற்றுவது,
என் முட்டி மடங்குவது கூடக் கேட்டது.

பீன்யாவில் இருபத்தாறு வருடம், பிரஸ் ஷாப்.
நூற்றைம்பது டன் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும்
ஒரு வாஷர் வெளியே விழும்.
அதைத்தான் எண்ணினோம். சம்பளம் அதற்குத்தான்.
காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் தந்தார்கள்;
என்னுடையது மிக்சர் பொட்டலத்தோடு டிராயரில் கிடந்தது.

ஆகஸ்டில் காது டாக்டர்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து
கேட்கும்போதெல்லாம் அழுத்துங்க என்றார்.
பொத்தானில் கட்டைவிரல் வைத்துக் காத்திருந்தேன்,
எந்த மரத்தடியிலும் அவ்வளவு அசையாமல் நின்றதில்லை.
தாளில் வந்த கோடு நான்காயிரம் வரை சமதரை.
அதற்குமேல், நந்தி மலையின் செங்குத்துப் பக்கம்.
பேச்சுக்கு ஒன்றும் குறையில்லை என்றார்.
பேச்சைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

எங்கள் மூவருக்கும் சேர்த்து நோட்டு என்னிடம்தான்.
பதினான்கு வருடம், முதல் கதிர்க்குருவியின் தேதிகள்:
செப்டம்பர் பத்தொன்பது, இருபத்து மூன்று, பதினேழு.
இந்த வருடம் தினமும் காலையில் தனியாக வந்து
இல்லை என்று எழுதினேன்.
இருபத்திரண்டு இல்லைகள்.
மழை தவறியதால் தாமதம் என்று
ஒரு காரணம்கூட வைத்திருந்தேன்,
பசவராஜ் அதை நான்கு பேருக்குச் சொல்லியும்விட்டார்.

"கடைக்குப் பின்னாடி வேப்பமரத்துல
மூணு வாரமா கத்துதே," என்றாள் நிலோஃபர்,
பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டபடி.
"நீங்க எழுதலையா?"

அவர்கள் கரையோடு நடந்து போனார்கள்.
ஷூ கயிறு என்று சொல்லி நான் நின்றேன்.

கழுத்து வலித்தது.
காற்றில்லை. எல்லா இலையும் இலைதான்.
கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் ஓடிக்கொண்டே
என்ன பார்க்கிறீர்கள் என்றார்,
பதிலுக்கு நிற்கவில்லை.

அப்புறம் ஓர் இலை
மேல்நோக்கி விழுந்தது.

வெள்ளைப் புருவம். இறகில் மெல்லிய ஒற்றைக் கோடு.
அலகு திறந்தது,
தொண்டை துடித்தது,
மூடியது.
மறுபடி திறந்தது.

ஒவ்வொரு முறையும்
பைனாகுலரின் ஓரத்தைக்
கட்டைவிரலால் அழுத்தினேன்.